விபத்துக்குப் பின்: காப்பீடும் பழுதுபார்ப்பும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38 காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் காட்டுக்குள் நீண்டு ஓடுகிறது. நான்கு வழிச் சாலை என்பதால் வேகம் தானாகவே ஏறிவிடும். திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கம் பிரியும் சாலைகள் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை கவிந்து நிற்கும். உள்ளேயிருந்து வருவது ஆடா, மயிலா, காட்டுப்பன்றியா, ஆளா என்பது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். தை, மாசியில் பாதிச் சாலையில் உளுந்தும் குதிரைவாலியும் காயும். இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஓரமாக நிற்கும்.

இங்கே தகராறுகள் பேசித் தீரும். நாலு பேர் கூடுவார்கள், பெரியவர் ஒருவர் தொகை சொல்வார், இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பேச்சு காப்பீட்டு நிறுவனத்தின் காதில் விழாது. எப்போது, எங்கே, யார் ஓட்டியது, எதில் மோதியது, வண்டியைப் பிரிக்கும் முன் யார் பார்த்தது என்றுதான் அது கேட்கும். இதற்கெல்லாம் பதில் விபத்து நடந்த அன்றே உருவாகிவிட வேண்டும். மறுநாள் தேடினால் கிடைக்காது. பணம் கைவிட்டுப்போன பல கிளெய்ம்களில் காரணம் பாலிசியில் இருப்பதில்லை, அந்த முதல் நாளில்தான் இருக்கிறது.

முதலில் ஆள்

யாருக்காவது அடிபட்டிருந்தால் வண்டியை மறந்துவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் உண்டு. ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை அந்த எண் வழியாகக் கேட்கலாம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை பக்கம். பெரிய அடி என்றால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்ச் சிகிச்சையை ஏற்கிறது. 'பணம் கட்டினால்தான் சேர்ப்போம்' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு திட்டங்களையும் சொல்லிக் கேளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டியவரின் கடமை. கூட்டம் கொதித்து எழுந்து, நிற்பதே ஆபத்து என்ற நிலையையும் அந்தப் பிரிவு ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். வீட்டுக்குப் போனவர் தப்பி ஓடியவர் ஆகிவிடுவார், நிலையத்துக்குப் போனவர் தெரிவித்தவர் ஆகிவிடுவார்.

இடத்தை விட்டு வண்டியை நகர்த்தும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். வண்டியின் நான்கு பக்கம், நம்பர் பிளேட் தெரியும்படி மோதிய பாகம், எதிர் வண்டி, சாலையில் பிரேக் தேய்ந்த தடம், மைல்கல் அல்லது ஊர்ப் பலகை எல்லாமே பதிய வேண்டும். சாலையில் தானியம் கிடந்து சறுக்கியிருந்தால் அதையும் எடுங்கள். மாலைக்குள் கூட்டி அள்ளிவிடுவார்கள், பிறகு அங்கே எதுவும் இருந்த சுவடே தெரியாது.

ஆட்டுக்கு விலை பேசும்போது

இந்தச் சீமையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கிடையோடு வந்த ஆடு அடிபட்டுச் செத்துவிட்டது, கீதாரி முன்னால் நின்று விலை கேட்கிறார். கொடுத்தால் கம்பெனி திருப்பித் தருமா?

தராது. எல்லா மோட்டார் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பாலிசிதாரர் எந்தப் பொறுப்பையும் ஒத்துக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் தரவோ கூடாது என்பதே அது. அடுத்தவர் சொத்துக்கு நேர்ந்த சேதத்துக்கு ஏழரை லட்சம்வரை தேர்டு பார்ட்டி பாதுகாப்பு இருந்தாலும், அது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாக வர வேண்டிய பணம். ரோட்டோரத்தில் கொடுத்ததற்கு அதில் இடமில்லை.

ஆனாலும் ஆட்டுக்காரருடைய நட்டம் உண்மையான நட்டம். ஒரு ஆட்டுக்காக அவர் தீர்ப்பாயம் ஏற மாட்டார், ஏறச் சொல்வதும் நியாயமில்லை. நியாயமான விலையை உங்கள் கைப்பணமாகக் கொடுத்துவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. 'ஆட்டுக்கு இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'என் தவறால்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் காரின் சேதத்துக்குத் தனியாகக் கிளெய்ம் செய்யலாம், அதற்கு இது பொதுவாகத் தடையாகாது. நிறுவனத்திடம் ஆடு குறுக்கே வந்ததைச் சொல்லுங்கள், மரத்தில் இடித்ததாகச் சொல்லாதீர்கள்.

மனிதருக்கு அடி என்றால் இந்தப் பேச்சே கூடாது. 'லேசான அடிதான், ஐயாயிரம் கொடுத்து அனுப்பிவிடலாம்' என்று சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் தலையில் பட்ட அடி மறுநாள்தான் வெளியே தெரியும். அவருக்கு உரிய இழப்பீட்டை அவர் இழப்பார், நிறுவனத்தின் பாதுகாப்பை நீங்கள் இழப்பீர்கள்.

காவல் நிலையம்

ஆளுக்கு அடியில்லை, அடுத்தவர் சொத்துக்கும் சேதமில்லை, உங்கள் கார் பாலச் சுவரில் இடித்துவிட்டது என்றால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது. புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று வாங்கி வைத்தால் போதும். காயமோ மரணமோ இருந்தால் வழக்குப் பதிவாகும். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125, 106 பிரிவுகளில் வரும். வண்டி நிலையத்தில் நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். அவர் பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டாம். வண்டி அங்கே நிற்கும்போதே நிறுவனத்துக்கும் தெரிவித்து, சர்வேயரை நிலையத்துக்கே வரவழைக்கலாம்.

அடிபட்டவர் தரப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரலில் திரும்ப வந்திருக்கிறது. 'கால் சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

யார் ஓட்டியது?

நிறுவனத்துக்குத் தெரிவிக்கக் கைப்பேசியைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் இருப்பவர் ஒரு யோசனை சொல்வார். ஓட்டியது லைசென்ஸ் இல்லாத தம்பி மகன். 'நீங்கள் ஓட்டியதாகச் சொல்லிவிடுங்கள், எல்லாம் முடிந்துவிடும்' என்பார். பாசத்தில் சொல்வதுதான். எல்லாவற்றையும் கெடுப்பதும் அதுதான்.

காயம்பட்டவர் மருத்துவமனையில் சேரும்போதே, ஓட்டியது யார், எந்த வண்டி என்பது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடக்கூடும். டோல்கேட் கேமராவில் முகம் இருக்கும். ஸ்டியரிங் ஏர்பேக் வெடித்த காயம் ஓட்டியவர் மேல்தான் இருக்கும். நிறுவனம் புலனாய்வாளரை அனுப்பினால் அவர் முதலில் பேசுவது டீக்கடையில். பெயர் மாற்றியது தெரிந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கிடைக்க வேண்டிய பணம் முழுதும் போகும். பொய்க் கிளெய்ம் என்ற பெயரும் நிற்கும். உண்மையைச் சொன்னாலும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் சேதப் பணம் கிடைக்காதுதான். ஆனால் அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை நிறுவனமே முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்காமல் இருக்க அந்த ஒரு வழியாவது திறந்திருக்கட்டும்.

இன்னொன்று, வெள்ளைப் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக, கோயில் கொடைக்குப் போக, டீசலும் கூலியும் வாங்கிக்கொண்டு சொந்தக் காரை அனுப்புவது ஊருக்கு ஊர் நடக்கிறது. பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றிருப்பதால், வாடகை என்று தெரிந்தால் நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். அமலேந்து சாகு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட மீறலுக்குக் கிளெய்மை முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியைத் தரச் சொன்னது. அதை நம்பி வாடகைக்கு ஓட்டாதீர்கள். ஆனால் ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் ஆர்.சி. புக்கோடு பாலிசியையும் பெயர் மாற்ற வேண்டும். நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் சேதத்துக்குப் பணம் வராது. விற்றவரும் தப்ப முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரேடியேட்டர் உடைந்த காரை ஓட்டாதீர்கள்

பன்றியோ ஆடோ மோதினால் பம்பர் மட்டும் உடைந்ததுபோல் தெரியும். உள்ளே ஏ.சி. கண்டன்சரும் அதற்குப் பின்னால் ரேடியேட்டரும் நசுங்கியிருக்கும். பச்சை அல்லது சிவப்பு நீர் தரையில் சொட்டினால் வண்டியை எடுக்கவே கூடாது. நரிக்குடிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டைவரை மெதுவாக உருட்டிக் கொண்டுபோய்விடலாம் என்று தோன்றும். சித்திரை வெயிலில் அந்தத் தூரத்துக்குள் என்ஜின் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். விபத்தில் உடைந்தது ரேடியேட்டர்தான், என்ஜின் போனது நீங்கள் ஓட்டியதால் என்று சர்வேயர் எழுதுவார். பாலிசியும் அப்படித்தான் சொல்கிறது. பழுதுபார்க்கும் முன் ஓட்டியதால் கூடிய சேதம் உங்கள் பொறுப்பு. ரேடியேட்டருக்குச் சில ஆயிரம் வரும், என்ஜினுக்கு ஒன்றும் வராது.

இழுத்துச் செல்லும் செலவுக்குக் காருக்கான வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். காட்டுச் சாலையிலிருந்து மதுரைவரை ரெகவரி வண்டி பிடித்தால் அதற்கு மேல் ஆகும். அதனால் புதுப்பிக்கும்போது ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்ப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆடம்பரம் இல்லை. ரெகவரி வரும்வரை வண்டியை ஆளில்லாமல் விடாதீர்கள். இரவில் பேட்டரியோ சக்கரமோ போனால் அதையும் உங்கள் கவனக்குறைவாக எழுதுவார்கள்.

நீங்கள் கூட்டிய சேதம் உங்கள் பொறுப்பு என்ற விதி வெள்ளத்துக்கும் உண்டு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த பெருமழையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. இங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் தரைப்பாலத்தின் மேல் ஓடும். நீர் ஏறி வண்டி நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் போன நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதம் பாலிசியில் உண்டு, ஸ்டார்ட் செய்ததால் வந்தது 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவருக்கு மட்டும்தான்.

கருவேல முள் குத்தி டயர் பஞ்சரானதை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள். விபத்தில் வண்டியோடு சேர்ந்து டயர் கிழிந்தால்தான் பாதி விலை வரும்.

சர்வேயரும் பட்டறையும்

பாலிசியில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கிளெய்ம் எண் வாங்குங்கள். இரண்டு வரி மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள், நேரம் அதில் பதிந்திருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தெரிவித்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்த ஏழு நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சிறிய சேதத்துக்கு வீடியோ காலிலேயே பார்த்து முடித்துவிடுவதும் உண்டு.

மதுரை, விருதுநகர் கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் கேஷ்லெஸ் கிடைக்கும். நம் ஊர்ப் பட்டறையில் பில்லைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டியிருக்கும். பம்பர், கதவு, டிங்கரிங், பட்டி பார்த்துப் பெயிண்ட் என்ற அளவுக்கு ஊர்ப் பட்டறை போதும். கைத்திறனில் குறைவில்லை, கூலியும் குறைவு. ஆனால் ஏர்பேக் வெடித்திருந்தால், சேசிஸ் வளைந்திருந்தால், சீட் பெல்ட் இறுகி நின்றுவிட்டால் யோசிக்காமல் கம்பெனி சென்டருக்கே கொண்டுபோங்கள். அவை உயிர் காக்கும் பாகங்கள்.

சர்வேயர் பார்த்த பிறகே வண்டியைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் எஸ்டிமேட்டில் இல்லாத சேதம் வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி, துணை எஸ்டிமேட் போட்டு அவரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயிண்டை ஷெட்டுக்குள் பார்க்காதீர்கள், வெளியே நிறுத்திப் பகல் வெயிலில் பாருங்கள், நிறம் ஒட்டாதது அப்போதுதான் தெரியும். ஓட்டிப் பார்த்து, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, ஹெட்லைட் சரியான இடத்தில் விழுகிறது என்று தெரிந்த பிறகே திருப்திப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

கையில் எவ்வளவு வரும்?

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால் முழுப் பணமும் வரும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். நாலரை வயதான கார் ஒன்று டிரெய்லரின் பின்னால் மோதியதாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பம்பர் 6,000, ஹெட்லைட் 8,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 7,000 வரும். பானெட் 9,000, நான்கு முதல் ஐந்து வயது வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 35 சதவீதம் கழியும், 5,850 வரும். முன் கண்ணாடி 7,000, அதில் கழிவே இல்லை. கூலி 8,000 முழுதும் வரும். பெயிண்ட் 6,000, அதில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 5,250 வரும். மொத்த பில் 44,000. கழிவு போக 33,100. 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 போனால் 32,100. மீதி 11,900 உங்கள் கையிலிருந்து. பம்பர் டு பம்பர் என்று சொல்லும் தேய்மானமில்லாப் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தக் கழிவில் பெரும்பகுதி மிச்சம்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் செய்யலாமா என்பதையும் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாதவருக்குச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் 50-ஐத் தொடும். பிரீமியம் 8,000 என்றே நின்றால், இழக்கும் தள்ளுபடி 4,000, 2,400, 2,000, 1,200, 400 என்று மொத்தம் 10,000 ரூபாய். ஆக, நிறுவனத்திடமிருந்து வரப்போவது அந்த அளவுக்குக் கீழ் என்றால் சொந்தச் செலவில் முடித்துக்கொள்வது லாபம்.

பழுதுச் செலவு பாலிசியில் காருக்குக் குறித்த ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஐ.டி.வி. தொகையைத் தருவார்கள், கடன் இருந்தால் முதலில் நிதி நிறுவனத்துக்குப் போகும். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டவர்கள் அதன் விலையை அன்றுதான் கொடுக்கிறார்கள்.

மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பிறகு 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, 50 லட்சம்வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லி முழுத் தீர்வு வவுச்சரை நீட்டினால், ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.

குடும்பத்துக்குத் தெரியாத 15 லட்சம்

பாலிசியில் 'ஓனர் டிரைவர் பி.ஏ.' என்று ஒரு வரி இருக்கும். வண்டியின் உரிமையாளர் தன் வண்டியை ஓட்டும்போது இறந்தால் அவர் குடும்பத்துக்கு 15 லட்சம். ஒரு கை அல்லது ஒரு கால், ஒரு கண் போனால் அதில் பாதி. தவறு யாருடையது என்று இதில் பார்ப்பதில்லை. ஆடு குறுக்கே வந்து, எதிர் வண்டியே இல்லாமல் பாலத்தில் மோதி இறந்தவர் வீட்டில் 'யார் மேலும் கேஸ் இல்லை, யார் பணம் தருவார்கள்' என்று பாலிசியைப் பீரோவிலேயே விட்டுவிடுகிறார்கள். நெஞ்சு பொறுக்காத இழப்பு அது. பைக்குக்கும் இதே பாதுகாப்பு, இதே தொகை. உரிமையாளரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். வண்டி அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டியிருந்தால் இது பொருந்தாது. ஆகவே யார் தினமும் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் ஆர்.சி. இருப்பது நல்லது. வேறு பாலிசியில் இதே பாதுகாப்பு இருக்கிறது என்று இந்த வரியை எடுத்துவிட்டிருக்கவும் கூடும், முதலில் அதைப் பாருங்கள்.

எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, லைசென்ஸ், ஆர்.சி., நாமினியின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை தேவைப்படும். நாமினி பெயர் இல்லையென்றால் வாரிசுச் சான்று கேட்பார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் திருச்சுழியோ அருப்புக்கோட்டையோ, அந்தந்தத் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். சான்று கைக்கு வரும்வரை காத்திருக்காமல், பாலிசி எண்ணையும் விபத்து நடந்த நாளையும் எழுதி நிறுவனத்துக்கு முதல் கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.